தென்சிறகுக்கு ஒரு கேக்

எங்கள் தெரு அகலமாகிக்கொண்டு வருவதை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் கேபிள்காரர் ஐகோர்ட்துரைதான். மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை தெருவின் வடக்குச் சாரியான எங்கள் வடசிறகில் இருக்கிற பதினோரு வீட்டிலும் டிவி ஒன்றுபோல நின்றுபோக, அவர் ஏணியோடு வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்தார். எதிரே தென்சிறகு மாடியிலிருந்து தெருவுக்குக் குறுக்கே தொய்வாகத் தொங்கவிட்டிருந்த வயர், இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுத்ததுபோல விறைத்து நடுவில் அறுந்து கிடந்தது. ஒரு முழம் சேர்த்து ஒட்டுப்போட்டுவிட்டுப் போனார். வியாழக்கிழமை மறுபடி அறுந்தது, மூன்று முழம் சேர்த்தார். அடுத்த திங்கட்கிழமை ஒரு சுருள் வயரையே தோளில் மாட்டிக்கொண்டு வந்தவர், கம்பத்திலிருந்து இறங்கி, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, "தெரு கூடிக்கிட்டே போகுதுக்கா, வயருக்கு நான் எங்க போவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. அவர்களுக்கு அது முன்பே தெரியும், ஏனென்றால் வாசலில் கோலம் போடுகிறவர்கள் அவர்கள்; எதிர்வீட்டுக்காரியின் கோலம் எங்கே முடியுமோ அதற்கு ஒரு சாண் இப்பால் தங்கள் கோலத்தை முடித்துக்கொள்கிறவர்கள்; அந்த ஒரு சாண் ஒரு வாரமாக ஒரு கஜமாகக் கிடப்பதைக் கண்டு, நடுவில் ஒரு தாமரையைக் கூடுதலாகப் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

பதினெட்டு அடித் தெரு அது. இந்த வாசலில் நின்று சோம்பல் முறித்தால் அந்த வாசலில் கேட்கும். பங்குனி பிறந்தபோது எதிர்ச்சாரி வீடுகளின் கதவு எண் கண்ணுக்குத் தெரியவில்லை. அளவெடுக்க ஒருவர் சங்கிலியோடு வந்து ஒரு நாள் முழுக்க நடந்தார், சாயங்காலம் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து, வரைபடத்தில் பதினெட்டு அடி என்று இருப்பதால் இது பதினெட்டு அடிதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு யாரும் காரணம் கேட்கவில்லை. ஷேர் ஆட்டோ ஓடியது. சித்திரையில் மினி பஸ் விட்டார்கள். பாதி வழியில் சண்முகக்கனி என்ற பெண் தார்ப்பாய் கட்டி டீக்கடை போட்டாள், அந்த இடத்துக்கு நடுத்தெரு ஸ்டாப்பிங் என்று பெயர் வந்தது. வடசிறகுப் பையனுக்கும் தென்சிறகுப் பெண்ணுக்கும் முன்பே நிச்சயமாகியிருந்த ஒரு கல்யாணத்துக்குப் பெண்வீட்டார் புளிச்சோறு கட்டிக்கொண்டு புறப்பட்டு, வழியில் பசியாறி, மறுநாள் முகூர்த்தத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். எங்கள் பக்கம் மழை பெய்த நாளில் அந்தப் பக்கம் வெயில் அடித்தது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள், அதையும் தூரத்து ஊர்ச் சேதியாகவே கேட்டுக்கொண்டோம். சுற்றிப் போகலாமே என்று சிலர் பின்தெரு வழியாகப் போய்ப் பார்த்தார்கள். எத்தனை திருப்பம் திரும்பினாலும் வடசிறகுக்கே வந்து சேர்ந்து, தங்கள் வீட்டுத் திண்டிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

வைகாசி முடிவில் மினி பஸ் நின்றுபோனது. ரோடு கெட்டுவிடவில்லை, வண்டியும் பழுதாகவில்லை. ஏறுவதற்கு ஆள் இல்லை. தெரு விரிந்ததைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது. எங்கள் பக்கத்துக்கு என்று ஒரு மளிகைக்கடை வந்துவிட்டது, ஒரு டைலர் வந்துவிட்டார், பிள்ளைகளை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். "தென்சிறகா? அங்க நமக்கு யாரு இருக்கா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் என் மனைவியிடம் கேட்டாள். கேட்டவள் தன் இரண்டு பிரசவத்துக்கும் தென்சிறகு வீட்டு வெந்நீரில் குளித்தவள்.

எனக்கு அங்கே கோயில்பிள்ளை இருந்தான். எங்கள் வாசலுக்கு நேர் எதிர்வாசல் அவனுடையது. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் குற்றாலிங்கம், ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வுக்கூட உதவியாளன், ஐம்பத்தேழு வயது. அளப்பதும் நிறுப்பதும் என் வேலை. முப்பத்தோரு வருஷம் அந்தப் பதினெட்டு அடியை நாங்கள் இரண்டு பேரும் எத்தனை தடவை கடந்திருப்போம் என்பதை மட்டும் நான் அளந்து வைக்கவில்லை.

கல்லூரியிலிருந்து ஒரு பழைய தொலைநோக்கியைக் கொண்டுவந்து மாடியில் வைத்துத் தினமும் அளந்தேன். மற்றவர்களுக்குத் தெருவைப் பற்றித்தான் கவலை, எனக்கு அது எப்போது தொடங்கியது என்பதைப் பற்றிக் கவலை. ஒரு மனிதன் செய்த காரியம், அல்லது செய்யாமல் விட்ட காரியம், தார் போட்ட ரோட்டை இழுத்து நீட்டுமா? அப்படி நினைப்பதே ஒரு ஆணவம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் எண்கள் வேறு சொல்லின. பின்னோக்கிக் கணக்குப் போட்டால், விரிவு தொடங்கியது தை இருபத்தோராம் தேதி.

தை இருபதில் என் மகள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டோம். அன்று மத்தியானம் கோயில்பிள்ளையின் மனைவி லில்லி புஷ்பத்துக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு, பயமில்லை என்று சாயங்காலமே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பந்தல்காரரோடு பேசிக்கொண்டே வண்டி வந்து நிற்பதைப் பார்த்தேன். காலையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலையில் சமையல்காரர் வந்துவிட்டார். மத்தியானம் எதிர்வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது, லில்லி போய்விட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கியபோது என் மைத்துனர் வந்து கையைப் பிடித்தார். "அத்தான், கால் நட்ட வீட்டுக்காரர் துஷ்டி வீட்டுப் படி மிதிக்கக் கூடாது. பொண்ணு வாழப்போற பொண்ணு. கல்யாணம் முடியட்டும், போய்க் கேட்டுக்கிடலாம்."

சாமி இல்லை, சடங்கு இல்லை என்று டீக்கடையில் முப்பது வருஷம் வாதாடியவன் நான். அவர்கள் தடுத்தார்கள் என்பது உண்மை. தடுத்தபோது என் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி இறங்கியது என்பதும் உண்மை. கோயில்பிள்ளை அழுது நான் பார்த்ததில்லை, அதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் இருந்தேன், அதற்கு மைத்துனர் ஒரு சாஸ்திரத்தைக் கையில் கொடுத்தார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று சவப்பெட்டி வெளியே வருவதைப் பார்த்தேன். கல்யாணம் நடந்தது. லில்லி என் மகளுக்கென்று முன்பே எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவையைக் கோயில்பிள்ளை யாரோ ஒருவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தான். பிறகு நான் போயிருக்கலாம். செவ்வாய், வெள்ளி, சனி சாவு விசாரிக்க, துஷ்டி கேட்க ஆகாது. ஞாயிறு அவன் கோயிலுக்குப் போயிருப்பான். திங்கள் மறுவீடு. புதன் கல்லூரி ஊழியர் பேரணி. வியாழன் போகலாம் என்று வாசலில் வந்து நின்றால், எதிர்வீடு முந்தின நாளைவிட ஒரு முழம் தள்ளி இருந்தது. பதினாறாம் நாள் தாண்டியபின் எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை. போன் இருந்ததே என்றால், துஷ்டியைப் போனிலா கேட்பது? ஒரு தடவை எண்ணை அழுத்தினேன். மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "அவன் இருந்தா இந்தச் சட்னிக்கு என்ன சொல்லுவான் தெரியுமா" என்று சொல்ல வாயெடுத்தேன். பெயர் வரவில்லை. முகம் இருந்தது, மூக்கின் மேல் இருக்கும் அம்மைத் தழும்பு இருந்தது, பெயர் இல்லை. என் மனைவி உலகம்மாளைப் பார்த்தேன்.

"எதுத்த வீட்டு சார் பேரு என்ன?"

அவள் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "லில்லி அக்கா வீட்டுக்காரர்" என்றாள். அவளுக்கும் அவ்வளவுதான் வந்தது.

நான் மாடிக்கு ஓடி, தொலைநோக்கியை வைத்துக் கணக்குப் போட்டேன். அப்போது தென்சிறகு காலை வெயிலில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்துகொண்டிருந்தது. இதே கணக்கில் போனால் ஆடிப் பதினெட்டோடு அந்தக் கோடும் மறைந்துவிடும். மறைந்த பிறகு அங்கே ஒரு மனிதன் இருந்தான் என்பதும் எங்களிடமிருந்து போய்விடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து பழைய கல்யாணப் பத்திரிகைகளை எல்லாம் கொட்டிப் புரட்டி, லில்லி புஷ்பம் பெயருக்குப் பக்கத்தில் கோயில்பிள்ளை என்று அச்சடித்திருந்த ஒன்றைக் கண்டுபிடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஆடிப் பதினேழு அவன் பிறந்தநாள். ஒவ்வொரு வருஷமும் அன்று லில்லி கேக் சுடுவார். ஓவன் கிடையாது. ஆற்று மணலைச் சலித்து ஒரு அலுமினியக் குண்டானில் கொட்டி, அதற்குள் மாவுத் தட்டை இறக்கி, மூடிமேல் கங்கு அள்ளி வைத்துச் சுடுவார். சீனியைக் கருக்கி ஊற்றுவதால் அது செம்பழுப்பாக இருக்கும். முதல் துண்டு பிறந்தநாள்காரனுக்கு இல்லை, தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வரும். நாங்கள் சைவம். அதில் முட்டை உண்டா என்று உலகம்மாள் இருபத்தெட்டு வருஷமாகக் கேட்டதில்லை, லில்லியும் சொன்னதில்லை. இந்த வருஷம் அவனுக்குக் கேக் சுட யாரும் இல்லை. மகன் மஸ்கட்டில் இருக்கிறான். ஆகவே நான் சுடுவது என்று முடிவு செய்தேன். கேக்கோடு போனால் போதும், அவன் கதவைத் திறப்பான், சிரிப்பான், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தவனுடைய மூளையைத்தான் நான் இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன்.

"நீங்க வெந்நி வச்சாலே அடிபிடிக்கும்" என்றாள் உலகம்மாள்.

"சொல்லித் தா."

"எனக்கென்ன தெரியும்? அவுக சுடும்போது வாய் பார்த்துக்கிட்டு நின்னிருக்கேன். முட்டை என் அடுப்படிக்குள்ள வரக் கூடாது, சொல்லிட்டேன்."

பின்வாசலில் செங்கல் அடுக்கி அடுப்புப் போட்டேன். ஆய்வுக்கூடத்தில் குடுவைகளைச் சீராகச் சூடாக்கும் மணல்குளியலுக்கு வைத்திருந்த மணலைக் கேட்டு வாங்கி வந்தேன். மைதா இருநூற்றைம்பது கிராம், வெண்ணெய் இருநூறு, சீனி இருநூறு, எல்லாவற்றையும் கல்லூரித் தராசில் மில்லிகிராம் பிசகாமல் நிறுத்தேன். முட்டை நாலு, வாழ்க்கையில் முதல் தடவையாக முட்டையை உடைத்தபோது ஓடு உள்ளே விழுந்தது, விரலால் துழாவித் துழாவி எடுத்தேன். முதல் கேக் வீடு கட்டலாம் என்பதுபோல இருந்தது. இரண்டாவது மேலே கருகி நடுவில் கூழாக இருந்தது. ஆடிக்காற்று அடுப்புத் தீயை ஒரு பக்கமாகத் தள்ளியது, புழுதியை வாரி மாவில் போட்டது. மூன்றாவதும் கெட்டபோது நான் அடுப்பருகே குந்தி உட்கார்ந்து, மாவுக் கையை முகத்தில் வைத்துக்கொண்டேன். இன்னும் ஐந்து நாள் இருந்தது. அன்று காலை தொலைநோக்கியில் அந்தக் கோடு தெரிய வெகுநேரம் ஆகியிருந்தது.

உலகம்மாள் வந்து மாவுச் சட்டியை எட்டிப் பார்த்தாள். "இப்படியா கலக்குறது, அங்கிட்டும் இங்கிட்டும்? லில்லி அக்கா ஒரே சுத்தாத்தான் சுத்துவாக. கை மாத்த மாட்டாக. ஒரு பாட்டுப் பாடி முடியுற வரைக்கும் நிறுத்த மாட்டாக."

"என்ன பாட்டு?"

"அவுக கோயில் பாட்டு. எனக்கு வார்த்தை தெரியாது, ராகம் தெரியும்."

அவள் முனகினாள். நான் சுற்றினேன். அவள் முனக முனக நான் சுற்ற, வெண்ணெயும் சீனியும் வெளுத்து, நுரைத்து, கரண்டியிலிருந்து நாடாபோல வழிந்தது. பிறகு அவள் முறத்தை எடுத்துவந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அடுப்புக்குக் காற்று படாமல் ஒன்றேகால் மணி நேரம் மறைத்துப் பிடித்து நின்றாள். மூடியைத் திறந்தபோது வந்த வாசனைக்கு எங்கள் வடசிறகில் ஏழு வீட்டுக் கதவு திறந்தது. எல்லாரும் மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றார்கள். "இது எங்கேயோ சாப்பிட்ட வாசனையா இருக்கே" என்றார் ஒருவர். எங்கே என்று ஒருவருக்கும் வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஆடிப் பதினாலு விடியும்போது, கேக்கை ஒரு எவர்சில்வர் தூக்கில் வைத்து, மேலே துணி கட்டிக்கொண்டு புறப்பட்டேன். உலகம்மாள் இட்லிப் பொடி தடவிய இட்லிகளும் தண்ணீர்க் கேனும் கொடுத்தாள். "அவர் பேரு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினேன்.

இரண்டு நாள் நடந்தேன். தெருவென்றால் தெருதான், நடுவில் சாக்கடை மூடி இருந்தது, விளக்குக் கம்பம் இருந்தது, ஆனால் ஒரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவே ஒரு பொழுது இருந்தது. காற்று எதிரிலிருந்து மணலை வாரி அடித்தது, பழைய பஸ் டயரின் தடம் மண்ணில் மூடியும் மூடாமலும் கிடந்தது, யாரோ எப்போதோ போட்ட ஒரு கோலத்தின் கூடுதல் தாமரைகள் வரிசையாக வந்து ஓர் இடத்தில் நின்றுபோயிருந்தன, ஒரு நாய் சிறிது தூரம் கூடவே வந்து, அதற்குமேல் தனக்கு யாரும் இல்லை என்பதுபோலத் திரும்பிப் போய்விட்டது. நான் அடிகளை எண்ணினேன். எண்ண எண்ண அந்த வெள்ளைக் கோடு மெலிந்தது. வேகமாக நடந்தால் வேகமாக மெலிந்தது. ஓடிப் பார்த்தேன், ஒரு நிமிஷம் கோடே மறைந்துபோனது, அப்படியே நின்றுவிட்டேன்.

பதினாறாம் தேதி காலையில் சண்முகக்கனியின் கடைக்கு வந்து சேர்ந்தேன். பஸ் நின்ற பிறகும் அவள் கடையை எடுக்கவில்லை. எந்தப் பக்கம் வீடு என்பது அவளுக்கே மறந்துவிட்டதாகச் சொன்னாள். அவள் தந்த டீயை வாங்கிக் குடித்தேன்.

"தூக்குல என்னது அண்ணாச்சி?"

"கேக். நாளைக்கு ஒரு பிறந்தநாள். தென்சிறகுல என் சிநேகிதன்."

"அடேயப்பா, அங்க போக ஒரு ஆளா! பஸ் நின்ன பொறவு நீங்கதான் மொத ஆளு. அம்புட்டு சிநேகிதமா?"

"ஆமா. அவன் வீட்டம்மா தையில தவறிட்டாங்க. அவங்கதான் வருஷா வருஷம் சுடுவாங்க."

அவள் கிளாஸைக் கழுவுவதை நிறுத்தினாள். "தையில துஷ்டிக்குப் போனீயளா?"

தூக்கின் மேல் கட்டியிருந்த துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன்.

"போவலையா? அப்போ மொதல்ல துஷ்டியா, பிறந்தநாளா?"

"ஏம்மா, இந்தக் காலத்துல போய்..."

"காலத்துக்கென்ன, அது பாட்டுக்குப் போகுது. செத்ததைக் கேக்காத வீட்டுக்கு இனிப்பைத் தூக்கிட்டு நடக்கீய. நல்லாத்தான் இருக்கு. அவுக வாயில கேக்கைத் திணிச்சுட்டா அழுகை வராதுன்னா?"

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு எழுந்து, தூக்கைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு, தார்ப்பாய்க்கு வெளியே போய் முகத்தில் தண்ணீர் அடித்தேன். நிமிர்ந்தபோது எதிரே கோடு இல்லை. வீடுகள் இருந்தன. பத்து வீடு, அவன் வீட்டுப் பச்சைக் கதவும் தெரிந்தது. திரும்பி வந்து தூக்கைக் கையில் எடுத்தேன். அவை பின்வாங்கி வெள்ளைக் கோடாயின. வைத்தேன், முன்னால் வந்தன. ஆய்வுக்கூடத்துக்காரன், மூன்று தடவை செய்து பார்க்காமல் நம்ப மாட்டேன். மூன்று தடவையும் அதேதான்.

பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தூக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று கேக்கைக் கெடுத்து நாலாவதாகச் சுட்டது. அது கையில் இருந்தால் வாசலில் நின்று பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லலாம், தட்டு எடு, கத்தி எடு என்று சத்தம் போடலாம், முகத்தைப் பார்க்காமல் வெட்டலாம். அது இல்லாமல் போனால் என் கையை எங்கே வைத்துக்கொள்வேன்? என்ன சொல்வேன்? ஆறு மாதமாகச் சொல்லாத அந்த ஒன்றைத் தவிர வேறொன்றும் என்னிடம் இருக்காது. திரும்பிப் போய்விடலாம் என்றும் நினைத்தேன். அதை ஒளிக்க விரும்பவில்லை. வடசிறகு பக்கம் பார்த்தேன். இரண்டு நாளில் எல்லாருக்கும் எல்லாமும் மறந்து, எனக்கும் மறந்து, வலி இல்லாமல் இருக்கலாம். சட்டைப்பையிலிருந்த பத்திரிகையை எடுத்தேன். அதில் இருந்த பெயரைப் படித்தேன். அது யாருடைய பெயர் என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை.

"இதைப் பார்த்துக்கோ" என்று சண்முகக்கனியிடம் சொல்லிவிட்டு எழுந்து நடந்தேன். "எறும்பு வந்தா நான் பொறுப்பில்ல" என்று பின்னால் கத்தினாள்.

வெறுங்கையோடு மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்தேன்.

கதவு திறந்துதான் இருந்தது. கோயில்பிள்ளை முன்னறையில் பிரம்பு நாற்காலியில், பனியனோடு, மடியில் பொத்தான் அறுந்த ஒரு சட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கழுத்தெலும்பு தெரிந்தது. ஒரு கையில் ஊசி, ஒரு கையில் நூல். நூலை வாயில் வைத்து ஈரமாக்கி, ஊசிக் காதைத் தேடிக்கொண்டிருந்தான். நான் படியேறி உள்ளே வந்து எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். துஷ்டி வீட்டில் வருகிறவர்களை வா என்று சொல்லக் கூடாது. அவன் சொல்லவில்லை. முறைக்காகச் சொல்லவில்லையா, கோபத்தால் சொல்லவில்லையா, என்னை யாரென்றே அவனுக்கும் தெரியவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஊசியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தான்.

"லில்லி" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

நூல் ஊசிக்கு வெளியே போனது. மறுபடி ஈரமாக்கினான்.

"ரெண்டு தடவ கேட்டா" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன் ஊசியிடமே பேசினான்.

"குத்தாலம் அண்ணன் வந்தாங்களான்னு. காலைல எந்திரிச்சதும் ஒரு தடவ. பத்து மணிக்கு மூச்சு வாங்குச்சே, அப்போ ஒரு தடவ."

"நீ என்ன சொன்ன?"

"வந்துட்டுப் போயிட்டான்னு சொன்னேன். நீ தூங்கிக்கிட்டு இருந்த, எழுப்ப வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிட்டான்னேன்." கொஞ்சம் நிறுத்தினான். "சரின்னா. கல்யாண வீட்டு ஆளு, இதுக்கு நடுவுல வந்தாங்களேன்னு சந்தோசப்பட்டா."

நான் அழுதேன். பெட்டி போனபோது ஜன்னலுக்குப் பின்னால் அழாததை, பதினாறாம் நாள் அழாததை, குனிந்து முழங்காலில் தலையை முட்டிக்கொண்டு, வாயைப் பொத்தாமல் அழுதேன். அவன் என்னைத் தேற்றவில்லை. எழுந்து வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிமிர்ந்தபோது அவன் கன்னமும் நனைந்திருந்தது, அதைத் துடைக்கவும் அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. ஊசியும் நூலும் என் பக்கம் நீண்டிருந்தன.

"இதைக் கோத்துக் குடு. கண்ணு தெரியல."

வாங்கினேன். ஐந்தாவது தடவையில் நூல் நுழைந்தது. முடிச்சுப் போட்டுக் கொடுத்தபோது அவன் என் விரல்களைப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்தான்.

"என்னல இது நகத்துல? மாவா?"

"மைதா."

"மைதாவா? உன் வீட்லயா?"

"கேக் சுட்டேன்."

"நீயா?"

"நாந்தான்."

"முட்டை போட்டா? உலகம்மா தங்கச்சி விட்டாளா?"

"பின்வாசல் அடுப்புல. அவதான் மூக்கைப் பொத்திக்கிட்டு முறத்தைப் பிடிச்சுட்டு நின்னா."

அவன் தொண்டையில் ஏதோ ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பொத்தானைச் சட்டையில் வைத்து ஒரு குத்துக் குத்தி நூலை இழுத்தான்.

"எங்க அது?"

"நடுவழியில ஒரு கடையில வச்சுட்டு வந்தேன். கொண்டுவர முடியல."

"ம்" என்றான். "முடியாதுதான்." ஏன் என்று அவன் கேட்கவில்லை.

பொத்தானைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சட்டையை உதறி மடியில் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு பேச ஒன்றும் இல்லை. நான் எழுந்தேன். துஷ்டி கேட்டுவிட்டுக் கிளம்புகிறவன் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட வேண்டும். நான் பேசாமல்தான் எழுந்தேன். வாசலுக்கு வந்தபோது எதிரே தெரு கிடந்தது. அது சுருங்கியிருக்கவில்லை. என் வீடு இருக்க வேண்டிய இடத்தில் புழுதிதான் பறந்தது, தார்ப்பாய்க் கடைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. சொல்லாமல் இறங்கினால் இது இப்படியே முடிந்துவிடும் என்று தோன்றியது. முறைப்படி வந்தேன், முறைப்படி போகிறேன், அவனும் முறைப்படி இருந்தான். முதல் படியில் கால் வைத்தேன்.

"ஏல குத்தாலம்."

நின்றேன். திரும்பக் கூடாது என்பதால் திரும்பவில்லை.

"சொல்லிட்டுப் போ" என்றான்.

நான் திரும்பினேன். அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தான், தைத்த சட்டை கீழே விழுந்திருந்தது.

"போயிட்டு வாரேன்ல, கோயில்பிள்ளை" என்றேன். பத்திரிகையைப் பார்க்காமல் சொன்னேன். "நாளைக்கு வாரேன்."

"வரும்போது அதையும் எடுத்துட்டு வா."

படி இறங்கினேன். எவ்வளவு தூரம் என்று நான் பார்க்கவில்லை. ஐம்பத்தேழு வயதில், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, காற்றோடு ஓட ஆரம்பித்தேன்.